பாதி முன்பே, பாதி அப்போதே: ஸ்டாட்டிக்கையும் டைனமிக்கையும் ஒரே பக்கத்தில் சேர்ப்பது எப்படி

"சைட்டை ஸ்டாட்டிக்கா பண்ணலாமா, டைனமிக்கா பண்ணலாமா?" என்று யாராவது கேட்டால், எந்தப் பக்கம், அந்தப் பக்கத்தில் எந்தத் துண்டு என்று திருப்பிக் கேளுங்கள். முழு சைட்டுக்கும் ஒரே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. நெக்ஸ்ட்.ஜேஎஸ், ஆஸ்ட்ரோ, நக்ஸ்ட், ஸ்வெல்ட்கிட் என்ற வெப் கட்டமைப்புகள் எல்லாமே பக்கத்துக்குப் பக்கம் முடிவெடுக்க விடுகின்றன, சிலவற்றில் ஒரே பக்கத்துக்குள்ளேயே துண்டு துண்டாகவும் பிரிக்கலாம். வசதிக்குக் குறைவில்லை. எங்கே வெட்டுவது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

ஸ்டாட்டிக் என்றால் எச்டிஎம்எல்லை முன்கூட்டியே, பெரும்பாலும் பில்ட் (கோடைத் தளமாகத் தொகுக்கும் வேலை) ஓடும்போதே, செய்து வைத்துவிட்டு வருகிறவர்களுக்கெல்லாம் அதே கோப்பை எடுத்துக் கொடுப்பது. டைனமிக் என்றால் பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் சர்வர் புதிதாகச் செய்து கொடுப்பது. முதலாவதில் வேகம் அதிகம், செலவு குறைவு, டேட்டாபேஸ் படுத்துவிட்டாலும் பக்கம் நிற்கும், ஆனால் தகவல் பழசாகிப்போகும், யார் வந்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. இரண்டாவது அப்படியே தலைகீழ். இரண்டையும் சேர்ப்பது கல்யாணப் பத்திரிகை மாதிரி: உள்ளே ஆயிரம் பேருக்கும் ஒரே அச்சு, உறைமேல் பெயர் மட்டும் கையெழுத்து. பெயர் மாறுகிறதே என்று பத்திரிகையையே ஆளுக்கொன்றாக அச்சடிப்பார் யாரும் இல்லை, ஆனால் வெப் அப்ளிகேஷன்களில் நிறையப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள், அதுவும் தெரியாமலே.

எல்லாவற்றையும் ஒரே உதாரணத்தில் பார்த்துவிடலாம். தமிழ்ப் புத்தகங்கள் விற்கும் ஆன்லைன் கடை, 20,000 தலைப்புகள், நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸின் ஆப் ரவுட்டர் என்ற வழித்தட அமைப்பில் எழுதியது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பக்கத்தைத் துண்டு போடுங்கள்

ஒரு புத்தகப் பக்கத்தைத் திறந்து, கண்ணில் படும் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது ஆளுக்கு ஆள் மாறுமா? இது எவ்வளவு நேரம் பழசாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை? ஒரு தாளில் எழுதிவிட்டே கோடில் கை வையுங்கள், ஏனென்றால் இந்த இரண்டு கேள்வியையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. "அடிக்கடி மாறும்" என்பது வேறு, "ஆளுக்கு ஆள் மாறும்" என்பது வேறு. அடிக்கடி மாறுவதைக்கூட எல்லோருக்கும் பொதுவாகச் சேமித்து வைக்கலாம். ஆளுக்கு ஆள் மாறுவதைப் பொதுவாகச் சேமிக்கவே கூடாது.

தலைப்பு, ஆசிரியர், அட்டைப்படம், பின்னட்டைக் குறிப்பு, பக்கங்களின் எண்ணிக்கை: எல்லோருக்கும் ஒன்றுதான், வருஷத்துக்கு ஒருமுறை மாறினால் அதிகம். யோசிக்க எதுவுமில்லை, ஸ்டாட்டிக். விலையும் எல்லோருக்கும் ஒன்றுதான், பதிப்பகம் ஏற்றினால் மாறும், புத்தகக் கண்காட்சி நேரத்தில் தள்ளுபடி போட்டால் மாறும். விமர்சனங்கள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் குடி முழுகிவிடாது.

இருப்புதான் தகராறு பிடித்தது. "ஸ்டாக் நொடிக்கு நொடி மாறும், அதனால் முழுப் பக்கமும் டைனமிக்" என்று மீட்டிங்கில் யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். சரி, வாசகருக்கு அந்த இடத்தில் என்ன தெரிய வேண்டும்? இருக்கிறதா, இல்லையா, கொஞ்சம்தான் மிச்சமா. அவ்வளவுதான். 43 பிரதி இருந்ததும் 42 ஆனதும் அவருக்கு ஒன்றே. எண்ணிக்கை உண்மையிலேயே சரியாக இருக்க வேண்டிய இடம் பணம் கட்டும் பக்கம், அங்கே எப்படியும் டேட்டாபேஸை நேராகக் கேட்டுத்தான் தீர வேண்டும், ஏனென்றால் டைனமிக்காகவே காட்டியிருந்தாலும் வாசகர் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டு வந்து வாங்கலாம். புத்தகப் பக்கத்தில் காட்டும் இருப்பு பத்து நிமிடம் பழசாக இருக்கட்டும். விலைக்கும் இதே நியாயம்தான்: காட்டும் விலை கொஞ்சம் பழசாகலாம், வசூலிக்கும் விலை பழசாகக் கூடாது, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பணம் கட்டுவதற்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

பின்கோடு போட்டால் எப்போது வந்து சேரும் என்று காட்டும் பெட்டி இன்னொரு ஏமாற்றுப் பேர்வழி. ஆளுக்கு ஆள் மாறுவதுபோலத் தெரியும், உண்மையில் பின்கோடுக்குப் பின்கோடுதான் மாறுகிறது. ஒரே பின்கோடில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே விடை, எனவே பின்கோடையே சாவியாக வைத்து விடையைக் கேஷ் செய்யலாம், அதாவது சேமித்து வைத்து மறுபடி கொடுக்கலாம். ஆறு இலக்கத்தில் முதல் மூன்று தபால் பிரிக்கும் மாவட்டத்தைக் குறிப்பவை. உங்கள் கூரியர் கணக்கு அந்த அளவிலேயே நிற்குமானால் அந்த மூன்றை மட்டும் சாவியாக வைத்தாலே போதும், சாவிகள் ஆயிரத்துக்குள் அடங்கிவிடும்.

இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் உண்மையிலேயே ஆளுக்கு ஆள் மாறுவது மூன்றே மூன்று: மேலே இருக்கும் பெயர், கூடையில் எத்தனை என்ற எண், விருப்பப்பட்டியலில் இருந்தால் சிவப்பாகும் இதயக்குறி. இந்த மூன்று குட்டித் துண்டுக்காகத்தான் முழுப் பக்கத்தையும் ஒவ்வொரு முறையும் செய்துகொண்டிருக்கிறோம்.

பில்டில் எல்லாவற்றையும் செய்யாதீர்கள்

ஜெனரேட்-ஸ்டாட்டிக்-பேரம்ஸ் என்ற ஃபங்ஷன் எந்தெந்தப் புத்தகங்களுக்குப் பக்கத்தை முன்பே செய்ய வேண்டும் என்ற பட்டியலைத் தரும். ஆசையில் 20,000-ஐயும் கொடுத்துவிடத் தோன்றும். ஒரு பக்கத்துக்கு 200 மில்லிசெகண்ட் என்றாலும், ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் 4,000 செகண்ட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல். இணையாக ஓட்டினால் நேரம் குறையும், ஆனால் பக்கம் செய்யும் அத்தனை வொர்க்கரும் ஒரே சமயத்தில் டேட்டாபேஸின் கதவைத் தட்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை 100, அதில் ஓடிக்கொண்டிருக்கும் சைட்டுக்கும் பங்கு வேண்டும். அடிக்குறிப்பில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த ஒரு மணி நேரம் பில்ட் ஓடுவதெல்லாம் வேண்டாத வேலை.

அதிகம் பார்க்கப்படும் 500 புத்தகங்களை மட்டும் கொடுங்கள். மற்றவை முதல் ஆள் வரும்போது செய்யப்பட்டு அப்படியே சேமிக்கப்படும், இரண்டாவது ஆளிலிருந்து ஸ்டாட்டிக்தான். பில்டில் எதுவுமே வேண்டாம், எல்லாம் வர வரச் செய்துகொள்ளலாம் என்றாலும்கூட அந்த ஃபங்ஷனை எடுத்துவிடாதீர்கள். ஆப் ரவுட்டரின் வழக்கமான முறையில் காலிப் பட்டியலையாவது திருப்பிக் கொடுத்தால்தான் அது சேமித்து வைக்கும், ஃபங்ஷனே இல்லையென்றால் அந்த வழித்தடம் சத்தமில்லாமல் டைனமிக் ஆகிவிடும். இல்லாத புத்தகத்துக்கு யாராவது முகவரி அடித்தால் நாட்-ஃபவுண்டை முறையாக அழையுங்கள். வெறுமனே "கிடைக்கவில்லை" என்று ஒரு வரி காட்டினால் அது 200 (எல்லாம் சரி) என்ற நிலைக்குறியோடு நல்ல பக்கம்போலவே சேமிக்கப்பட்டுவிடும், தேடுபொறியும் அதை எடுத்துக்கொண்டு போகும்.

தமிழில் முகவரி வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனித் தலைவலி உண்டு, ஆங்கில வழிகாட்டிகளில் இது கண்ணில் படுவதில்லை. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 3 பைட். பில்டில் பக்கங்கள் கோப்புகளாக எழுதப்படுகின்றன, லினக்ஸின் வழக்கமான கோப்பு அமைப்புகளில் ஒரு கோப்புப் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட், ஆக 85 குறிகளில் முடிந்தது. அதே பெயர் முகவரிகளுக்கான சதவீதக் குறியாக்கத்தில் (%E0 மாதிரி) போனால் ஒரு குறிக்கு 9 எழுத்து, 28 குறிக்குமேல் தாங்காது. "கொ" என்பதே இரண்டு குறி என்பதை நினைவில் வையுங்கள், துணைத்தலைப்போடு சேர்ந்த ஆய்வு நூல் ஒன்று போதும் பில்டைக் கவிழ்க்க. அதோடு "கொ"வின் அந்தக் கொம்பும் காலும் சிலர் தட்டச்சில் ஒரே குறியாகவும், சிலர் தட்டச்சில் இரண்டு தனிக் குறிகளாகவும் வந்து உட்காரும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், கேஷுக்கு இரண்டும் வேறு வேறு முகவரி. எனவே ஸ்லக்கை (முகவரியில் புத்தகத்தைக் குறிக்கும் பகுதி) எப்போதும் என்எஃப்சி என்ற யூனிகோடின் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுங்கள், முன்னால் புத்தக எண்ணைப் போட்டுப் பின்னால் தலைப்பின் முதல் சில சொற்களை மட்டும் ஒட்டுங்கள், தேடுவதை அந்த எண்ணை வைத்தே செய்யுங்கள். பக்கத்துக்குள் வந்து சேரும் ஸ்லக் சதவீதக் குறிகளோடு வரும், டீகோட் செய்யாமல் டேட்டாபேஸில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

"ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்" என்பது உண்மையில்லை

பக்கக் கோப்பில் ரீவேலிடேட் என்ற மாறிலியை 3600 என்று எக்ஸ்போர்ட் செய்தால் மணிக்கொருமுறை பக்கம் தானாகப் புதுசாகும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எந்தக் கடிகாரமும் உள்ளே ஓடவில்லை. 3,600 செகண்ட் கழிந்தபிறகு யார் முதலில் வருகிறாரோ அவருக்குப் பழைய பக்கம்தான் கிடைக்கும், அவரைக் காக்க வைக்காமல் பின்னணியில் புதுப் பக்கம் தயாராகும், அடுத்து வருபவருக்கு அது போகும். யாருமே மூன்று நாள் எட்டிப் பார்க்காத கவிதைத் தொகுப்பு ஒன்றின் பக்கத்தை நான்காம் நாள் ஒருவர் திறந்தால் அவர் பார்ப்பது மூன்று நாள் பழைய விலை. இந்த உத்தி 2020இல் நெக்ஸ்ட்.ஜேஎஸ் 9.5இல் நிலையான வசதியாக வந்தது, ஆனால் "பழசைக் கொடு, பின்னால் புதுப்பி" என்ற யோசனை அதற்குப் பத்து வருஷம் முன்பே, 2010இல், ஆர்எஃப்சி 5861 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட் என்ற பெயரில் எழுதப்பட்டுவிட்டது.

இதில் ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது. புதுப்பிக்கும்போது டேட்டாபேஸ் கைவிட்டு எரர் வந்தால் கடைசியாகச் சரியாக வந்த பக்கமே தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். இதைக் கெடுப்பது நம் கோடுதான்: எரரைப் பிடித்து விழுங்கிவிட்டு காலிப் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காலிப் பக்கம் வெற்றிகரமான பக்கமாகச் சேமிக்கப்படும். ஸ்டாட்டிக் பக்கத்துக்குத் தரவு எடுக்கும் இடத்தில் எரரை மேலே போக விடுங்கள்.

விலை மாதிரி விஷயங்களுக்கு நேரத்தை நம்பாமல் நிகழ்ச்சியை நம்புவதுதான் என் கட்சி. தரவை எடுக்கும்போதே "புத்தகம்-1042" என்று ஒரு டேக் ஒட்டிவிடுங்கள், அட்மின் பக்கத்தில் விலையை மாற்றிச் சேமிக்கும் அதே இடத்தில் ரீவேலிடேட்-டேக் ஃபங்ஷனை அந்த டேகோடு கூப்பிடுங்கள், அந்த டேக் ஒட்டிச் சேமித்தது பழசு என்று குறிக்கப்பட்டுவிடும். நேர வரம்பைப் பெரிசாக, ஒரு நாள் என்று வைத்துவிடலாம், அது டேக் எப்போதாவது தவறினால் காப்பாற்றும் வலை மட்டுமே. பதிப்பு 16இல் இந்த ஃபங்ஷன் இரண்டாவதாக ஒரு கேஷ் ஆயுள் விவரத்தையும் கேட்கிறது. விமர்சனம் எழுதிய வாசகருக்கு அவர் எழுதியது உடனே தெரிய வேண்டும் என்றால் சர்வர் ஆக்‌ஷனுக்குள் அப்டேட்-டேக் என்ற வேறொன்றைப் பயன்படுத்த வேண்டும், அது பழசைக் கொடுக்காமல் நேராகப் புதுசை எடுத்து வரும்.

சொந்த சர்வரில் நான்கு கன்டெய்னர் (அப்ளிகேஷனின் தனித்தனி நகல்கள்) ஓட்டுபவர்கள் கவனிக்க: சும்மா விட்டால் ஒவ்வொரு கன்டெய்னரும் தன் கேஷைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். டேகை அழிக்கும் கட்டளை போய்ச் சேர்வது ஒன்றுக்கு மட்டும். வாசகர் எஃப்5 அடித்தால் ஒருமுறை 250 ரூபாய், ஒருமுறை 280 ரூபாய் என்று விலை ஊஞ்சலாடும். கேஷ் ஹேண்ட்லர் (கேஷை எங்கே வைப்பது என்று சொல்லும் கோடு) எழுதி ரெடிஸ் மாதிரி பொதுவான ஓரிடத்தில் வையுங்கள். முன்னால் சிடிஎன் (பக்கத்தின் நகலை வாசகருக்கு அருகிலிருந்து கொடுக்கும் சர்வர் வலை) வேறு இருந்தால் அது தனியாக ஒரு நகலைப் பிடித்து வைத்திருக்கும், உள்ளே டேகை அழித்தது அதற்குத் தெரியாது. அங்கேயும் பர்ஜ் (நகலை அழிக்கும் கட்டளை) அனுப்புங்கள், அல்லது சிடிஎன்னில் எச்டிஎம்எல்லுக்கு மட்டும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று குறைந்த ஆயுள் வையுங்கள்.

அந்த மூன்று குட்டித் துண்டுகள்

எல்லாம் சரியாகச் செய்தபிறகும் பக்கம் டைனமிக்காகவே இருக்கிறதா? எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான சட்டமான லேஅவுட்டைப் பாருங்கள். மேல்பட்டையில் "வணக்கம், இன்னார்" என்று காட்டுவதற்காக மூல லேஅவுட்டுக்குள் குக்கீஸ் ஃபங்ஷனை (பிரவுசர் அனுப்பும் அடையாளக் குறிப்பான குக்கீயைப் படிப்பது) கூப்பிட்டிருப்பார்கள். வழக்கமான முறையில் குக்கீயையோ ஹெடர்களையோ (ரிக்வெஸ்டோடு வரும் கூடுதல் விவரங்கள்) எங்கே தொட்டாலும் "இது ரிக்வெஸ்ட் வந்தால்தான் தெரியும்" என்று நெக்ஸ்ட்.ஜேஎஸ் முடிவுகட்டி அந்த வழித்தடம் முழுவதையும் டைனமிக் ஆக்கிவிடும், மூல லேஅவுட்டில் தொட்டால் மொத்த சைட்டும் போச்சு, "எங்களைப் பற்றி" பக்கம் உட்பட. லாகின் சரிபார்க்கும் லைப்ரரிகள் உள்ளே குக்கீயைப் படிப்பதால் உங்கள் கோடில் தேடினால் அந்தச் சொல்லே கிடைக்காமலும் இருக்கலாம்.

இதிலிருந்து வெளியே வர இரண்டு வழி. எளிய வழி, அந்தத் துண்டுகளை பிரவுசருக்குத் தள்ளிவிடுவது. பக்கம் ஸ்டாட்டிக்காக வந்து சேரட்டும், பிரவுசரில் ஓடும் ஒரு கிளையன்ட் காம்பொனென்ட் தனியாக ஒரு ஏபிஐயை (தரவை மட்டும் தரும் சர்வர் முகவரி) கூப்பிட்டுப் பெயர், கூடை எண், இதயக்குறி மூன்றையும் ஒரே விடையில் வாங்கட்டும், மூன்றுக்கும் மூன்று ரிக்வெஸ்ட் அனுப்ப வேண்டாம். கூடை எண்ணுக்கு இன்னும் மலிவான வழி உண்டு: கூடையில் சேர்க்கும்போதே எண்ணிக்கையை மட்டும் ஒரு சின்னக் குக்கீயில் எழுதி வையுங்கள், ஜாவாஸ்கிரிப்ட் படிக்கக்கூடியதாக. அதில் ரகசியம் எதுவும் இல்லை, சர்வரைக் கேட்காமலே எண்ணைக் காட்டிவிடலாம். லாகின் அடையாளம் இருக்கும் குக்கீயை மட்டும் ஜாவாஸ்கிரிப்டுக்குத் தெரியாமல் எச்டிடிபி-ஒன்லியாகவே வைத்திருங்கள். இந்த வழியின் குறை, ஜாவாஸ்கிரிப்ட் இறங்கி ஓட ஆரம்பித்தபிறகுதான் கேள்வியே கிளம்பும், மெதுவான போனில் அது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது வழி ஸ்ட்ரீமிங். ஆளுக்கு ஆள் மாறும் காம்பொனென்டை ரியாக்டின் (நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸின் அடியில் இருக்கும் லைப்ரரி) சஸ்பென்ஸ் என்ற உறைக்குள் வைத்து, அது வரும்வரை காட்ட ஒரு ஃபால்பேக் கொடுத்துவிட்டால், முன்பே செய்து வைத்த ஓடு, அதாவது பக்கத்தின் மாறாத வெளிக்கூடு, உடனே போய்விடும், ஓட்டைகள் மட்டும் அதே விடையின் வாலில் பின்னால் வந்து நிரம்பும். பிரவுசர் இன்னொரு ரிக்வெஸ்ட் அனுப்புவதில்லை, ரிக்வெஸ்ட் வந்த கணமே சர்வர் வேலையை ஆரம்பித்துவிடுகிறது, வித்தியாசம் அதுதான். இதைப் பார்ஷியல் ப்ரீரெண்டரிங் என்று 2023இல் நெக்ஸ்ட்.ஜேஎஸ் பதிப்பு 14இல் சோதனையாகக் காட்டினார்கள். 2025இல் வந்த 16இல் இது கேஷ் காம்பொனென்ட்ஸ் என்ற அமைப்புக்குள் சேர்ந்துவிட்டது. அதை இயக்கினால் பழைய வழக்கம் தலைகீழாகிறது: யூஸ் கேஷ் என்று நீங்கள் குறித்தது மட்டுமே சேமிக்கப்படும், குறிக்காத தரவைச் சஸ்பென்ஸுக்கு வெளியே தொட்டால் பில்டே நின்று எரர் காட்டும். கொஞ்சம் எரிச்சலாக இருக்கும், ஆனால் சத்தமில்லாமல் டைனமிக் ஆவதைவிடச் சத்தம் போட்டு நிற்பது எவ்வளவோ மேல். ஆஸ்ட்ரோக்காரர்களுக்கு இதே காரியத்தைச் சர்வர் ஐலண்ட்ஸ் செய்கிறது, காம்பொனென்டில் சர்வர்-டிஃபர் என்று ஒரு குறிப்பு போட்டால் போதும், அங்கே மட்டும் அது தனி ரிக்வெஸ்டாகப் போகிறது.

ஸ்ட்ரீமிங்கில் இறங்குபவர்கள் இதை மறந்துவிடாதீர்கள்: ஓடு கிளம்பும்போதே 200 என்ற நிலைக்குறியும் கிளம்பிவிட்டது. உள்ளே போனபிறகு "ஐயோ, இந்தப் புத்தகமே இல்லை" என்று 404 சொல்லவோ வேறு பக்கத்துக்கு 307 சொல்லி அனுப்பவோ முடியாது. புத்தகம் இருக்கிறதா என்ற சோதனை சஸ்பென்ஸுக்கு வெளியே, ஸ்டாட்டிக் பகுதியிலேயே முடிந்திருக்க வேண்டும். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இடைச் சர்வரை வைத்திருந்தால் அது விடையைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும் பழக்கம் கொண்டது, எக்ஸ்-ஏசல்-பஃபரிங் ஹெடரை "நோ" என்று அனுப்பாவிட்டால் ஸ்ட்ரீமிங் செய்ததன் பலன் ஒன்றும் தெரியாது. ஃபால்பேக்கும் வரப்போகும் துண்டும் ஒரே அகல உயரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் பக்கம் குதித்து வாசகர் "வாங்கு" என்று அழுத்தப் போய் வேறெதையோ அழுத்திவிடுவார்.

ஒருவருடைய பக்கம் இன்னொருவருக்குப் போகாமல்

வேகத்தில் தப்பு நேர்ந்தால் சைட் மெதுவாகும், அவ்வளவுதான். இதில் தப்பு நேர்ந்தால் செய்தியாகும். 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையில் அதுதான் நடந்தது. தாக்குதல் நெரிசலைச் சமாளிக்கக் கேஷிங் விதிகளை மாற்றியபோது அமைப்பு ஒன்று பிசகி, ஒருவருக்காகச் செய்த பக்கம் சேமிக்கப்பட்டு இன்னொருவருக்குப் போனது. சுமார் 34,000 பேரின் தனிப்பட்ட விவரங்கள் அடங்கிய பக்கங்கள் மற்றவர்கள் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே பிறகு சொன்னது. பக்கங்கள் எல்லாம் சரியாகத்தான் செய்யப்பட்டிருந்தன, சேமிக்கக் கூடாததைச் சேமித்ததுதான் வினை.

ஆளைச் சார்ந்த எந்த விடைக்கும் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் பிரைவேட், நோ-ஸ்டோர் இரண்டையும் நீங்களே எழுதுங்கள், கட்டமைப்பு பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். பொதுவான பக்கத்தில் செட்-குக்கீ ஹெடர் போகக் கூடாது, போனால் ஒருவருடைய லாகின் செஷன் கேஷில் ஏறி ஊருக்கே விநியோகமாகும் அபாயம் இருக்கிறது. வேரி ஹெடரில் (எதைப் பொறுத்து நகலைப் பிரிப்பது என்று கேஷுக்குச் சொல்வது) குக்கீ என்று போட்டுத் தப்பிக்கலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. குக்கீ ஆளுக்கு ஆள் வேறு என்பதால் கேஷ் இருந்தும் இல்லாத மாதிரிதான். கிளவுட்ஃப்ளேர் என்ற சிடிஎன் நீங்கள் சொல்லாதவரை எச்டிஎம்எல்லைச் சேமிப்பதில்லை. "எல்லாவற்றையும் கேஷ் செய்" என்று விதி எழுதுகிறவர் நாம்தான், எனவே அந்த விதியில் கூடை, கணக்கு, பணம் கட்டும் வழிகளைப் பெயர் சொல்லி விலக்குங்கள்.

லாகின் செய்தவருக்கு மட்டும் என்று ஒரு ஸ்டாட்டிக் பக்கத்தை வைத்து, வாசலில் மிடில்வேர் (பக்கத்துக்கு முன்னால் ஓடும் கோடு) காவலை மட்டும் நம்புவதும் ஆபத்து. 2025 மார்ச்சில் வெளிவந்த சிவிஇ-2025-29927 என்ற பாதுகாப்பு ஓட்டையில் ஒரு ஹெடரைச் சேர்த்து அனுப்பினாலே நெக்ஸ்ட்.ஜேஎஸ் மிடில்வேரைத் தாண்டிப் போக முடிந்தது. காவலைத் தாண்டியவர் கையில் கிடைப்பது முழுமையான ஸ்டாட்டிக் கோப்பு. காசு கொடுத்தவருக்கான மின்னூல் அத்தியாயம் மாதிரியானவற்றை ஸ்டாட்டிக்கில் வைக்கவே வேண்டாம், தரவு எடுக்கும் இடத்திலேயே உரிமையைச் சோதியுங்கள்.

நேரம்

பில்ட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன, நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். "இன்றைய சிறப்பு" என்று தேதியை ஸ்டாட்டிக் பக்கத்தில் அச்சடித்தால் அது பில்ட் ஓடிய நாளின் தேதி, அதுவும் காலை ஐந்தரைக்கு முன் ஓடியிருந்தால் நேற்றைய தேதி. அதே காம்பொனென்ட் பிரவுசரில் மறுபடி ஓடும்போது வேறு தேதி வர, ஹைட்ரேஷன் (வந்த எச்டிஎம்எல்லைப் பிரவுசரில் உயிர்ப்பிப்பது) பொருந்தவில்லை என்று ரியாக்ட் புலம்பும். நேரத்தைக் காட்டித்தான் தீர வேண்டும் என்றால் நேர மண்டலத்தை ஏசியா-கொல்கத்தா என்று வெளிப்படையாகக் கொடுத்து, "3 மணி நேரம் முன்பு" போன்றவற்றைப் பிரவுசரிலேயே கணக்கிடுங்கள். நள்ளிரவு 12 மணிக்குத் தள்ளுபடி தொடங்குகிறது என்றால் ரீவேலிடேட் நேரத்தை நம்பாதீர்கள், 12 மணிக்கு ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) வைத்து டேகை அழியுங்கள்.

சரிபார்ப்பது

டெவ் (கோடு எழுதும்போது ஓட்டும்) முறையில் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், அங்கே எல்லாமே ரிக்வெஸ்டுக்கு ரிக்வெஸ்ட் செய்யப்படும். பில்ட் ஓட்டி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். பில்ட் முடிவில் ஒரு பட்டியல் வரும்: வெற்று வட்டம் என்றால் ஸ்டாட்டிக், நிரம்பிய வட்டம் என்றால் பேரம்ஸ் கொடுத்து முன்பே செய்தது, பாதி நிரம்பியது பாதிப் பாதி, சாய்ந்த எஃப் என்றால் டைனமிக். இதைச் சிஐயில் (கோடு மாறும்போதெல்லாம் தானாகச் சோதிக்கும் அமைப்பு) சேமித்து வைத்து, நேற்று வட்டமாக இருந்தது இன்று எஃப் ஆகியிருந்தால் பில்டை நிறுத்தச் சொல்லுங்கள், மனிதக் கண் இதைத் தவறவிடும். அப்புறம் கர்ல் என்ற கட்டளைக் கருவியை எடுத்து ஒரே பக்கத்தை இரண்டு முறை கேளுங்கள், எக்ஸ்-நெக்ஸ்ட்ஜேஎஸ்-கேஷ் என்ற ஹெடரில் ஹிட் (கேஷில் இருந்தது), ஸ்டேல் (கேஷில் பழசு), மிஸ் (கேஷில் இல்லை) மூன்றில் எது வருகிறது என்று தெரியும். இரண்டு வேறு ஆட்களின் குக்கீயோடு கேட்டு, வரும் எச்டிஎம்எல்லில் முதல் ஆளின் பெயர் இரண்டாவது விடையில் இருக்கிறதா என்று தேடும் ஒரு சின்னச் சோதனையையும் எழுதி வையுங்கள், பத்து வரிக்கு மேல் ஆகாது. வேகத்துக்கு கூகுள் சொல்லும் அளவு, முதல் பைட் 0.8 செகண்டுக்குள், பெரிய உள்ளடக்கம் 2.5 செகண்டுக்குள். ஸ்டாட்டிக் ஓடு சரியாக அமைந்தால் முதலாவது பிரச்சினையே இல்லை, இரண்டாவது பெரும்பாலும் அட்டைப்படத்தின் அளவைப் பொறுத்தது.

எல்லா இடத்திலும் இவ்வளவு பாடு தேவையில்லை. அலுவலகத்துக்குள் பத்துப் பேர் பார்க்கும் டாஷ்போர்டை டைனமிக்காகவே விடுங்கள். ஐம்பது கட்டுரை உள்ள தளம் முழு ஸ்டாட்டிக்காகவே இருக்கட்டும். தேடல் பக்கம் டைனமிக்தான், யார் எதைத் தேடுவார் என்று முன்பே தெரியாது. வேர்ட்பிரஸ் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்: பேஜ் கேஷ் பிளகின் மாறாத வெளிக்கூட்டைக் கொடுக்க, வூகாமர்ஸ் என்ற கடை பிளகினின் கார்ட் ஃப்ராக்மென்ட்ஸ் கூடையை மட்டும் தனி ஏஜாக்ஸ் ரிக்வெஸ்டில் பின்னால் கொண்டுவருகிறது. 2001இலேயே ஆகமாய், ஆரக்கிள் போன்ற நிறுவனங்கள் சேர்ந்து எட்ஜ் சைட் இன்க்ளூட்ஸ் என்று சிடிஎன்னிலேயே துண்டுகளை ஒட்டும் முறையை முன்வைத்தன, இன்றும் வார்னிஷ் என்ற கேஷ் சர்வரில் அதன் ஒரு பகுதி வேலை செய்கிறது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சைட்டில் தொடங்க வேண்டும் என்றால் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பிரித்து மேயாதீர்கள். முதலில் மூல லேஅவுட்டில் குக்கீ தொடும் காம்பொனென்டை எடுத்துப் பிரவுசருக்குத் தள்ளுங்கள், அது மட்டும். பில்ட் ஓட்டிப் பட்டியலில் எத்தனை எஃப் வட்டமாக மாறியிருக்கிறது என்று எண்ணுங்கள். மிச்சமிருக்கும் எஃப்களில் அதிகம் பேர் வரும் பக்கம் எது என்று சர்வர் லாகில் பார்த்து, அடுத்து அதில் கை வையுங்கள்.